மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகா 2008-இல் வெளியிட்ட 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்தைப் பற்றி நண்பர்களும், புதிதாக மெட்டல் கேட்க ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கைகளும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒலியைப் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இத்தனை வருடம் கழித்தும் இந்த ஆல்பத்தைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

ஒரே வாரத்தில், ஒரே ரசிகர்களிடமிருந்து இரண்டு விதமான குரல் வந்தது. "நம்ம மெட்டாலிகா திரும்பி வந்துட்டாங்க" என்று கொண்டாடியவர்களே "ஐயோ, முழுசாக் கேட்க முடியலையே, காது வலிக்குது" என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. பாடல்கள் இருபது வருடமாகக் காத்திருந்த பாடல்கள். அவற்றைப் பதிவு செய்து கொடுத்த விதம்தான் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ரசிகர்கள் அன்றைக்கு இருந்தார்கள் என்பதால்தான் எனக்கு இந்த ஆல்பம் இவ்வளவு பிடிக்கும்.

மெட்டாலிகாவை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்கும், பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் தொடங்கிய குழு. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடிபெயர்ந்தது. கிர்க் ஹாமெட் 1983-இல் சேர்ந்தார். பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் 2001-இல் விலகினார். 2003 முதல் ராபர்ட் ட்ருஹியோ.

1983-இலிருந்து 1988 வரை வந்த நான்கு ஆல்பங்கள்தான் 'த்ராஷ்' எனப்படும் வேகமான மெட்டலுக்கு அடித்தளம் போட்டவை. 1991-இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் அவர்களை உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 'டெத் மேக்னெடிக்' அவர்களுடைய ஒன்பதாவது ஸ்டுடியோ ஆல்பம். அது வரும்போது ஹெட்ஃபீல்டுக்கு 45 வயது.

அதற்கு முன்னால் ரசிகர்களுக்கு என்ன வருத்தம்?

1996, 1997-இல் வந்த இரண்டு ஆல்பங்களில் வேகம் குறைந்தது, முடியும் குட்டையானது. பழைய ரசிகர்கள் பலர் அப்போதே முகம் சுளித்தார்கள். 2000-இல், இணையத்தில் பாட்டைப் பகிர உதவிய நாப்ஸ்டர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது, பாட்டைப் பகிர்ந்துகொண்ட தங்கள் மீதே வழக்குப் போட்டதுபோல ரசிகர்கள் உணர்ந்தார்கள். அப்புறம் 2003-இல் 'செயின்ட் ஆங்கர்'.

அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் யாரும் அதன் ஸ்னேர் டிரம் சத்தத்தை மறக்க மாட்டார்கள். ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் இருக்கும். அவைதான் 'சட்'டென்ற அந்தக் கூர்மையான சத்தத்தைத் தருபவை. லார்ஸ் அந்தக் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்தார். விளைவு, காலி எண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டுவதுபோல 'டாங், டாங்' என்று 75 நிமிடம். ஒரு பாடலில்கூட கிட்டார் சோலோ, அதாவது கிட்டார் முன்னால் வந்து தனியாக வாசிக்கும் இடம், கிடையாது. கிர்க் ஹாமெட் இருக்கும் குழுவில் சோலோ இல்லையென்றால் எப்படி இருக்கும்! பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார். அந்தச் சமயத்தில்தான் ஹெட்ஃபீல்ட் மதுப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக மறுவாழ்வு மையத்துக்குப் போய் வந்தார். வலியோடு இருந்தவர்கள் வலியோடு செய்த ஆல்பம் அது, அதில் நேர்மை உண்டு. ஆனால் ரசிகர்கள் ஐந்து வருடம் ஏங்கியது வேறு ஒன்றுக்காக.

ரிக் ரூபின் என்ன செய்தார்?

1991-இலிருந்து கூடவே இருந்த பாப் ராக்கை விட்டுவிட்டு ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளரிடம் போனதே பெரிய முடிவு. ஸ்லேயர் குழுவின் 1986 ஆல்பத்தைத் தயாரித்தவர், ஜானி கேஷின் கடைசிக் காலப் பாடல்களைப் பதிவு செய்தவர். "நீங்கள் மெட்டாலிகா இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஹிட் பாட்டு எதுவும் கிடையாது. ஒரு போட்டியில் வாசித்து ஜெயிக்க வேண்டும். என்ன வாசிப்பீர்கள்?" என்ற ரீதியில் அவர்களை யோசிக்க வைத்தார். 1980-களின் ஆல்பங்களைச் செய்தபோது என்ன மனநிலையில் இருந்தார்களோ அதற்குத் திரும்பிப் போகச் சொன்னார். அதுவரை தங்கள் பழைய பாணியைத் திரும்பிப் பார்ப்பதையே தோல்வி என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு விடுதலை.

கிட்டார் தந்திகள் மறுபடி சாதாரண சுருதிக்கு வந்தன. முந்தைய ஆல்பத்தில் அவற்றை ரொம்பக் கீழே இறக்கியிருந்தார்கள். சோலோக்கள் வந்தன. ஏழு, எட்டு நிமிடப் பாடல்கள் வந்தன. பாடலே இல்லாத, வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் ஓர் உருப்படி வந்தது, 1988-க்குப் பிறகு முதல் முறையாக.

பெயருக்கு என்ன அர்த்தம்?

சாவின் காந்தம் என்று சொல்லலாம். ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் பாடகர் லேன் ஸ்டேலி 2002-இல் போதைப்பொருளால் இறந்தார். அவரையும் அவரைப்போல இளம் வயதிலேயே போய்விட்ட இசைக்கலைஞர்களையும் நினைத்து எழுத ஆரம்பித்ததாக ஹெட்ஃபீல்ட் சொல்லியிருக்கிறார். சிலரைச் சாவு இழுக்கிறது, சிலரை விலக்குகிறது, காந்தத்தின் இரு முனைபோல. அட்டைப் படமும் அதேதான்: நடுவில் சவப்பெட்டி வடிவில் ஒரு குழி, சுற்றிலும் காந்தப்புலத்தில் இரும்புத்தூள் அடுக்கி நிற்பதுபோலக் கோடுகள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் காகிதத்தின் மேல் இரும்புத்தூளைத் தூவிப் பார்த்திருப்போமே, அதே கோடுகள். அந்த அட்டை வடிவமைப்புக்கு கிராமி விருது கிடைத்தது.

வெளியானபோது எப்படி இருந்தது?

2008 செப்டம்பர் 12 வெளியீட்டு நாள். அதற்குப் பத்து நாள் முன்பே பிரான்ஸில் ஒரு கடை விற்கத் தொடங்கிவிட, பாடல்கள் இணையத்தில் கசிந்தன. நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்ட அதே லார்ஸ், இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம்தான், பரவாயில்லை என்று விட்டுவிட்டார். எட்டு வருடத்தில் எவ்வளவு மாற்றம்!

அமெரிக்காவில் முதல் மூன்றே நாளில் சுமார் 4,90,000 பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது. தொடர்ந்து ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள் முதலிடத்தில் நுழைந்த முதல் குழு என்ற பெயரும் கிடைத்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'மை அபோகலிப்ஸ்' கிராமி வாங்கியது.

சரி, ஒலியில் என்னதான் பிரச்சினை?

நான் முதன்முதலில் கேட்டது இரவு ரயிலில், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு. முதல் பாடல் இதயத் துடிப்போடு ஆரம்பிக்கும். மெல்ல ஒரு கிட்டார் வரும். மற்ற வாத்தியங்கள் சேர்ந்து டிரம்ஸ் விழுந்தவுடன் காதுக்குள் ஏதோ கிழிந்ததுபோல 'கரகர' என்றது. இயர்போன் போய்விட்டது என்று நினைத்துத் தம்பியுடையதை வாங்கி மாட்டினேன். அதே கரகரப்பு. இயர்போனில் தவறில்லை, அந்தக் கரகரப்பு பாட்டிலேயே இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு படியை நினைத்துக்கொள்ளுங்கள், அரிசி அளக்கும் படி. அரிசியைக் கொட்டும்போது மேலே குவியும். கையால் தலை தட்டினால் குவிந்தது போய்விடும், படி மட்டமாக நிற்கும். சிடியிலும் ஒலிக்கு இப்படி ஒரு விளிம்பு உண்டு. அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் நிற்காது. டிரம் அடியின் உச்சி அந்த விளிம்பைத் தாண்டினால் அப்படியே வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வளைவாக இருக்க வேண்டிய ஒலியலை மேசைபோலத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை விளிம்புதான் நம் காதில் கரகரப்பாக விழுகிறது. கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழு சத்தத்தில் வைத்தால் பாட்டு உடைந்து வருமே, அதற்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் எதற்காக அவ்வளவு கொட்ட வேண்டும்? இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால், கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் 'நன்றாக' இருப்பதுபோல் மனிதக் காதுக்குத் தோன்றும். வானொலியில் நம் பாட்டு அடுத்தவன் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி 1990-களில் முற்றியது. மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சிகளை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, மொத்தத்தையும் விளிம்புவரை தள்ளுவார்கள். 'சத்தப் போர்' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது.

மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் இழப்பு உடனே புரியும். தொப்பியின் கும்காரமும் வலந்தலையின் மெல்லிய விரல்சொல்லும் ஒரே சத்தத்தில் கேட்டால் அது என்ன வாசிப்பு? தனி ஆவர்த்தனத்தில் சத்தம் குறைந்து, குறைந்து, பிறகு தீர்மானத்தில் எழும்போதுதானே உடம்பு சிலிர்க்கிறது. மெட்டலும் அப்படித்தான். மெல்லிய தொடக்கத்துக்கும் இடிபோல விழும் ரிஃபுக்கும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) நடுவில் உள்ள தூரம்தான் அதன் கனம். அந்தத் தூரத்தை எடுத்துவிட்டால் எட்டு நிமிடமும் ஒரே சுவர்.

ஆல்பத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்க 'டிஆர்' என்று ஓர் அளவுகோல் ரசிகர்களிடையே புழங்குகிறது. 1980-களின் மெட்டல் ஆல்பங்கள் பல அதில் 10-ஐத் தாண்டும். 'டெத் மேக்னெடிக்' சிடிக்குக் கிடைப்பது 3.

ரசிகர்களுக்கு இது எப்படித் தெரிந்தது?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆல்பம் வெளியான சமயத்திலேயே அதன் பாடல்கள் எல்லாம் 'கிட்டார் ஹீரோ 3' என்ற வீடியோ கேமுக்கும் பதிவிறக்கமாக வந்தன. அந்த விளையாட்டில் பிளாஸ்டிக் கிட்டாரின் பொத்தானைத் தப்பாக அழுத்தினால் கிட்டார் சத்தம் மட்டும் நின்றுவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களாக விளையாட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். கடைசிக் கட்ட அமுக்கல் நடப்பதற்கு முன்பே அவை அங்கே போய்விட்டன.

விளையாடிய பையன்களும் பெண்களும் கவனித்துவிட்டார்கள்: "சிடியைவிட கேம்ல நல்லா கேக்குதே!" சிலர் விளையாட்டின் ஒலியைப் பதிவு செய்து, கணினியில் இரண்டு ஒலியலைகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் படமெடுத்துப் போட்டார்கள். அந்தப் படத்தை நான் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. கேமிலிருந்து வந்த அலை முட்புதர்போல, ஒவ்வொரு டிரம் அடிக்கும் ஒரு முள் தனியாக நீட்டிக்கொண்டு இருந்தது. சிடியின் அலை செங்கல்லை அடுக்கினதுபோல மேலும் கீழும் ஒரே கோடு. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த மாஸ்டரிங் பொறியாளர் (ஆல்பத்துக்குக் கடைசி மெருகு கொடுப்பவர்) இயன் ஷெப்பர்ட் இந்த ஒப்பீட்டை எழுதியதும், விஷயம் இசைப் பத்திரிகைகளுக்கும் பெரிய நாளிதழ்களுக்கும் போனது.

ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனித் தடங்களைப் புதிதாகக் கலந்து, வெளியிடுங்கள் என்று கேட்டு ரசிகர்கள் இணையத்தில் மனு போட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலானோர் ஆல்பத்தை வெறுத்தவர்கள் இல்லை. காசு கொடுத்து வாங்கி, பாட்டைப் பிடித்துப்போய், திரும்பத் திரும்பக் கேட்டு, அதனாலேயே காது நொந்தவர்கள்.

யார் செய்த தவறு இது?

முதலில் எல்லோரும் பாய்ந்தது மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன் மீது. மாஸ்டரிங் என்பது கடைசி மெருகு என்பதால், அவர்தான் சத்தத்தைக் கூட்டியிருப்பார் என்று நினைத்தார்கள். ஒரு ரசிகர் அவருக்கே எழுதிக் கேட்டார். ஜென்சனின் பதில் வெளியே வந்தது: மிக்ஸ் தன் கைக்கு வரும்போதே விளிம்புவரை தள்ளப்பட்டுத்தான் வந்தது, இந்த வேலையோடு தன் பெயர் சேர்ந்திருப்பதில் தனக்குப் பெருமை இல்லை. அந்தத் துறையில் பெரிய பெயர் உள்ள ஒருவர் இப்படிச் சொல்வது சாதாரணமல்ல. பிறகு, ஒரு தனி மனிதருக்கு எழுதிய கடிதம் பொதுவெளிக்கு வந்ததற்காக வருத்தமும் தெரிவித்தார்.

ஆக, முடிவு மிக்ஸிங் கட்டத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குத் தயாரிப்பாளரும் குழுவும்தான் பொறுப்பு. ரூபின் தயாரித்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 1999 ஆல்பத்தின் மீதும் ரசிகர்கள் இதே புகாரைச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழு மன்னிப்புக் கேட்டதா?

இல்லை. லார்ஸ், ஒலியில் ஒரு குறையும் இல்லை, ஸ்பீக்கரிலிருந்து எகிறிக் குதிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் ரூபினின் எண்ணம், காரில் போட்டுக் கேட்டால் பிரமாதமாக இருக்கிறது என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். மேலாளர் தரப்பிலும், புகார் சொல்பவர்கள் சிறுபான்மை என்றார்கள்.

லார்ஸ் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கார் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே, பத்து நிமிடம் கேட்டால் அந்த இரைச்சல் உற்சாகமாகத்தான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து 75 நிமிடம் கேட்பவருக்குத்தான் சோர்வு தட்டும்.

ரசிகர்கள் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று சொல்கிறார்களே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டாலிகா ரசிகர்களுக்கு ஒலியைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் ரொம்ப நாளாக உண்டு. 1988 ஆல்பத்தில் நியூஸ்டெட்டின் பேஸ் காதில் விழவே விழாது. புதிதாகச் சேர்ந்தவர், கிளிஃப் பர்ட்டனின் இடத்தில் நிற்பவர், அவருடைய உழைப்பு மிக்ஸில் காணாமல் போனது பலருக்கு இன்னும் ஆறாத வருத்தம். ரசிகர்களே பேஸைக் கூட்டி, அந்த ஆல்பத்தைத் தங்கள் கணினியில் மறுபடி மிக்ஸ் செய்து நியூஸ்டெட் பெயரில் பகிர்ந்தார்கள். 2018-இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோதும் குழு பேஸைக் கூட்டவில்லை.

ஒரு இசைக்குழுவின் மேல் பிரியம் இல்லாதவன், பாட்டு பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான். பிரியம் உள்ளவன்தான் உட்கார்ந்து ஒலியலையைப் படமெடுப்பான்.

பாடல்களுக்கு வருவோம். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'தி டே தட் நெவர் கம்ஸ்'. நான்காவது பாடல். 1984, 1986, 1988, 1991 ஆல்பங்களிலும் நான்காவது இடத்தில் மெதுவாகத் தொடங்கும் பாடலைத்தான் வைத்தார்கள். இந்த முறை அந்த இடத்தைத் திரும்பக் கொடுத்ததே ரசிகர்களுக்கு ஒரு சைகை. முதல் பாதியில் அழகாக நடக்கும், பிறகு வேகமெடுத்து கடைசி மூன்று நிமிடம் இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும். அந்தத் துரத்தல் வரும்போது நான் இன்றும் செய்யும் வேலையை நிறுத்திவிடுவேன். இதன் வீடியோவை இயக்கியவர் டென்மார்க்கின் தாமஸ் வின்டர்பெர்க்.

அடுத்து 'ஆல் நைட்மேர் லாங்'. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உச்சம் இதுதான். ரிஃபுக்கு மேல் ரிஃப், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நெருக்கமாக வரும், ஹெட்ஃபீல்டின் வலது கை களைப்பே அறியாதது.  புதிதாக கிட்டார் பழகுகிறவர்கள் இதில் ஒரு நிமிடம் வாசித்துப் பார்த்தால் தோள்பட்டை பதில் சொல்லும்.

மூன்றாவதாக 'தி ஜூடஸ் கிஸ்'. பலரும் இதைத் தவறவிடுகிறார்கள், ஆல்பத்தின் பின்பகுதியில் ஒளிந்திருப்பதால் என்று நினைக்கிறேன். எட்டு நிமிடம். கிர்க்கின் சோலோவை மட்டுமாவது கேளுங்கள்.

ட்ருஹியோவைத் தேடிக் கேட்க வேண்டுமென்றால் 'சயனைட்'. அவர் இந்தக் குழுவோடு பதிவு செய்த முதல் ஆல்பம் இது.

குறையே இல்லையா?

இருக்கிறது. சில பாடல்களில் இரண்டு நல்ல பாட்டை நடுவில் ஒட்டிவிட்டதுபோல் இருக்கும். வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பத்து நிமிட உருப்படி எனக்கு ஏழு நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. முன்பே இரண்டு ஆல்பங்களில் வந்த 'அன்ஃபர்கிவன்' வரிசையில் மூன்றாவதாக இதிலும் ஒரு பாடல் தேவையா என்று கேட்டவர்கள் அப்போதே நிறைய. நானும் கேட்டேன். பியானோவும் ஊதுகருவிகளும் வரும் அதன் தொடக்கம் பிடிக்கும், பாதிவரைதான் மனது நிற்கும். இந்தப் பாடலைப் பற்றி என் எண்ணம் பின்னால் மாறியது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பழைய பாணிக்குத் திரும்பியதே ஒரு பின்வாங்கல்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. முன்பு வாசித்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபதுகளில் கோபத்தில் எழுதிய ஒருவரும், நாற்பதைத் தாண்டி, நண்பனை இழந்து, குடியிலிருந்து மீண்டு வந்து எழுதும் ஒருவரும் அதே வேகத்தில் வாசித்தாலும் சொல்வது ஒன்றாக இருக்காது. இந்த ஆல்பத்தின் வரிகளில் சாவைப் பார்த்துச் சவால் விடுவதைவிட, அதனிடமிருந்து தப்பித்தவரின் நடுக்கம்தான் எனக்குக் கேட்கிறது.

எந்தப் பதிப்பைக் கேட்பது நல்லது?

2008 சிடியைத் தவிருங்கள். ஆப்பிளின் ஐடியூன்ஸுக்கென்று பின்னாளில் தனியாக மாஸ்டர் செய்த டிஜிட்டல் பதிப்பில் இறுக்கம் ஓரளவு குறைவு. வித்தியாசத்தை டிரம்ஸில் உணரலாம். கிட்டார் ஹீரோ தடங்களை வைத்து ரசிகர்கள் செய்த மிக்ஸ்கள் அதிகாரபூர்வமாக ஆல்பமாக வந்ததே இல்லை.

வினைல் தட்டில் கேட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. தலை தட்டி வழித்த அரிசியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் குவியல் திரும்பி வராது.

இதை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், பத்து நிமிட வேலை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதியோடு வருகின்றன. அமைப்புகளில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அவர்களுடைய 1986 ஆல்பத்திலிருந்து ஒரு பாடலையும், இதிலிருந்து ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதிகச் சத்தமாக வந்த பாட்டைச் செயலியே குறைத்துவிடும் என்பதால், 2008 பாடலுக்கு இருந்த ஒரே சலுகையும் போய்விடுகிறது. ஸ்னேர் டிரம்மை மட்டும் கவனியுங்கள். பழையதில் ஒவ்வொரு அடியும் கிட்டாருக்கு முன்னால் வந்து நிற்கும். புதியதில் கிட்டாருக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கும். நல்ல இயர்போன் போதும், விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

விடுபட்ட பாடல்கள் ஏதும் உண்டா?

நான்கு. 2011 டிசம்பரில் குழுவின் முப்பதாவது ஆண்டு விழாவை சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு இரவுகள் கொண்டாடியபோது, இரவுக்கு ஒன்றாக ரசிகர் மன்றத்தாருக்குக் கொடுத்தார்கள். 2012-இல் 'பியாண்ட் மேக்னெடிக்' என்ற பெயரில் சிடியாக வந்தது. பாதி முடிந்த நிலையிலிருந்த மிக்ஸ்கள் என்பதால் முழு மெருகு இருக்காது. எனக்கு அந்தக் கரடுமுரடு பிடிக்கிறது, கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களில் திருந்தினார்களா?

2016, 2023 ஆல்பங்களை ஹெட்ஃபீல்டும் லார்ஸும் கிரெக் ஃபிடல்மனோடு சேர்ந்து தயாரித்தார்கள். ஃபிடல்மன் 'டெத் மேக்னெடிக்'கில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். இவையும் சத்தமான ஆல்பங்கள்தான். ஆனால் கரகரப்பு இல்லை, டிரம்ஸ் தனியாகக் கேட்கிறது. 2008 புகார்களை யாரோ காதில் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவுக்கு வந்தார்களா?

வந்தார்கள். 2011 அக்டோபரில் டெல்லி அருகே நடக்க இருந்தது கடைசி நேரத்தில் ரத்தாகி, அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். அதுதான் இந்தியாவில் அவர்களின் முதல் நிகழ்ச்சி. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு ரயிலேறியவர்கள் ஏராளம்.

மேடையில் இந்தப் பாடல்கள் எப்படி இருக்கும்?

நன்றாக இருக்கும். ஸ்டுடியோவில் நசுங்கியது மேடையில் நிமிர்ந்துவிடுகிறது. 2009 ஜூலையில் பிரான்ஸின் நீம் நகரத்தில், ரோமானியர் காலத்துக் கல் அரங்கில் நடந்த நிகழ்ச்சி டிவிடியாக இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள். திறந்த வெளி, சுற்றிலும் கல் படிக்கட்டு, டிரம் அடி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும்.

இன்னொன்று, 2019 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியோடு சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி. நான் பாதியில் விட்டுவிட்ட அந்த மூன்றாவது 'அன்ஃபர்கிவன்' பாடலை அங்கே வாசித்தார்கள். குழுவின் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஹெட்ஃபீல்டின் கையில் கிட்டார் கிடையாது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்க, தனியாக நின்று பாடினார். மெல்லிய இடங்கள் மெல்லியதாகவே இருந்தன. வயலின்கள் எழும்போது குரலும் எழுந்தது. அந்தப் பாடல் எவ்வளவு நல்ல பாடல் என்று பதினோரு வருடம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது.